எண்ணப்படாத அட்டையும் லூர்துசாமி அண்ணாச்சியும்

லூர்துசாமி அண்ணாச்சியின் இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பொய் சொல்லப்பட்டது. சொன்னவர் எங்கள் தமிழ் மன்றத்தின் தலைவர் செல்வராஜ். அபுதாபியின் முசஃபாவில் ஓர் உணவகத்தின் மாடியில் படத்துக்கு மாலை போட்டு, அண்ணாச்சியின் மகள் ஸ்டெல்லாவை முன்வரிசையில் உட்கார வைத்து, மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "குவைத்தை நன்கு அறிந்தவர் அண்ணாச்சி. ஈராக் போர் நேரத்தில் நம் அறைத் தோழர்களுக்குக் குவைத்தில் வேலை கிடைக்க வழிகாட்டியவர் அவர்தான். அந்த வழியில் போன தம்பி கருப்பையாவை விபத்தில் இழந்தோம் என்றாலும், அண்ணாச்சியின் நல்ல எண்ணத்தை நாம் மறக்க முடியாது."

நடந்தது இதற்கு நேர் எதிரானது. அந்த வேலைக்கு யாரும் போகக் கூடாது என்று கட்டில் கட்டிலாகப் போய்த் தடுத்தவர் அண்ணாச்சி. ஆள் திரட்டிக் கொடுத்தவர் செல்வராஜ். அவர்கள் இருவரும் இருந்த அறையில்தான் நானும் இருந்தேன்.

எழுந்து, "அது தப்பு" என்றேன். உடனே செல்வராஜ், "இப்போது மௌன அஞ்சலி" என்று அறிவித்துவிட்டார். எல்லாரும் எழுந்து தலை குனிந்தார்கள். ஒருவன் வாயை அடைக்க மௌன அஞ்சலியும் உதவும் என்பதை அன்றுதான் கண்டேன். தலைவர் மறதியில் பேசிவிட்டார் என்று இப்போது சிலர் சமாதானம் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. மறதிக்காரர் தன் பங்கை மட்டும் பார்த்துப் பார்த்து மறப்பதில்லை.

மரணச் செய்தியை எனக்குச் சொன்னது ஸ்டெல்லா. அல் ஐனில் நர்ஸாக இருக்கிறார். கடைசி வருடங்களில் அண்ணாச்சி அவர் வீட்டில்தான் இருந்தார். நான் என் பட்டறையில் கிரைண்டரை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன்.

"அங்கிள், அப்பா போயிட்டாங்க. டீ கேட்டாங்க, கொண்டு போறதுக்குள்ள..." என்றார். பிறகு, "நானே பல்ஸ் பாத்தேன் அங்கிள். நம்பாம திரும்பவும் பாத்தேன்" என்றார்.

தகப்பனுக்கு ஏற்ற மகள் என்று அந்தத் துக்கத்திலும் எனக்குத் தோன்றியது. எதையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்து நம்புகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

கூட்டம் முடிந்து இரண்டொரு நாளில், ஊரிலிருந்து கருப்பையாவின் மகன் கூப்பிட்டான். தகப்பன் இறந்தபோது கைக்குழந்தை. இப்போது கமுதியில் வண்டி ஓட்டுகிறான். அவன் போனுக்கும் கூட்டத்தின் வீடியோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

"பெரியப்பா, எங்கப்பாவ அனுப்பி வச்சது அந்த அண்ணாச்சிதானா? அப்பா செத்த தேதிக்கு வருசா வருசம் எங்கம்மாவுக்குப் போன் போட்டு விசாரிப்பாரே. அதெல்லாம் பண்ண பாவத்துக்கா?"

"இல்லப்பா. போகாதன்னு சொன்ன ஒரே ஆளு அவருதான்."

"நீங்க அவரு கூட்டாளி. அப்படித்தான சொல்வீக."

வைத்துவிட்டான். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளைக் கூட்டிப் படித்துத்தான் எழுத்து வந்தது. எங்கள் மன்றத்தின் மலரில் இது வராது என்று தெரியும். வேறு எங்காவது வரட்டும்.

அண்ணாச்சிக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர். பைப் ஃபிட்டர். இளவயதிலேயே குவைத்துக்குப் போனவர். ஈராக் படை குவைத்துக்குள் வந்தபோது, கட்டிய துணியும் ஒரு தண்ணீர்க் கேனுமாகப் பஸ் ஏறி, ஈராக்கைக் கடந்து, ஜோர்டான் பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, விமானம் கிடைத்து பம்பாய் வந்து இறங்கியவர்களில் ஒருவர். இரண்டு வருடம் கழித்து அபுதாபிக்கு வந்து சேர்ந்தார். முசஃபா கேம்ப்பில் என் கட்டிலுக்கு எதிர்க் கட்டில்.

அவரால் அறைக்கு ஒரு தொல்லை இருந்தது. ட்யூப் லைட்டை அணைக்க விடமாட்டார். அதன் கீழே உட்கார்ந்து, ஆங்கிலப் பேப்பரில் அமெரிக்காச் செய்தியை விரல் வைத்துப் படிப்பார். தூங்க வேண்டியவர்கள் திட்டுவார்கள்.

"அமெரிக்காவுல யாரு ஆண்டா ஒமக்கென்ன அண்ணாச்சி? நாளைக்கு உம்மள மந்திரியாக்கப் போறானா?" என்று ஒருமுறை நானே கேட்டேன்.

"ஏ வேலு, நாம குடியிருக்கிறது கீழ் வீடு. மேல் மாடிக்கு எவன் குடி வாரான்னு பாக்க வேண்டாமா? அவன் தண்ணியத் தொறந்து விட்டா நம்ம தலையிலதான ஊத்தும்" என்றார்.

குவைத்தில் அவருக்கு அது நடந்திருந்தது. அன்று அமெரிக்காவை ஆண்டவரின் மகன் இரண்டாயிரமாவது ஆண்டில் ஜனாதிபதி பதவிக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் அப்போதைய துணை ஜனாதிபதி. அறையில் பெரும்பாலும் மகனுக்குத்தான் ஆதரவு. எண்ணெய்த் தொழில் தெரிந்தவர், அவர் வந்தால் வளைகுடாவில் வேலை பெருகும் என்று செல்வராஜ் பிரசாரமே செய்தார். அண்ணாச்சி இருவரையும் நம்பவில்லை. ஆனால் மகனை அதிகமாகச் சந்தேகித்தார். தகப்பனின் போரை நடத்திய பாதுகாப்பு மந்திரியே இப்போது மகனுக்குத் துணை ஜனாதிபதி வேட்பாளர் என்பது அவருக்கு உறுத்தியது. பிற நாடுகளைச் சீரமைக்க அமெரிக்கப் படையை அனுப்பும் வழக்கம் தனக்குப் பிடிக்காது என்ற பொருளில் அந்த மகன் விவாத மேடையில் பேசியிருந்தார். அதைச் செல்வராஜ் எடுத்துச் சொன்னபோது அண்ணாச்சி சிரித்தார்.

"வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே மொதப் பந்தியில வந்து உக்காருதவன நீ பாத்ததில்லையாடே?"

பந்தயம் பிரியாணி. தோற்ற கட்சி கறி வாங்க வேண்டும், கருப்பையா ஆக்குவான். கருப்பையா எங்கள் பக்கத்துப் பையன். பட்டறையில் ஹெல்ப்பர். ஆனால் அவன் கை பட்டால் கேம்ப் முழுக்க மணக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு எண்ணிய இரவு. அங்கே நடுநிசி தாண்டிய நேரம், இங்கே எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கேம்ப் டிவியில் ஃபுளோரிடா மாநிலம் மகனுக்கு, ஆகவே ஜனாதிபதி அவரே என்று சொன்னார்கள். செல்வராஜ் மேசையைத் தட்டினார். அன்று கருப்பையாவுக்குச் சமையல் முறை. கறி வாங்கி அடுப்பில் ஏற்றிவிட்டான். நாங்கள் டூட்டி முடிந்து திரும்பும்போது டிவி தான் சொன்னதைத் திரும்பப் பெற்றிருந்தது. ஃபுளோரிடாவில் வித்தியாசம் மிகக் குறைவு, மறுபடி எண்ண வேண்டும் என்றார்கள்.

"இப்ப என்னண்ணே செய்யிறது? பிரியாணி வெந்துருச்சு, எலெக்‌ஷன் வேகலயே" என்றான் கருப்பையா.

எல்லாரும் சாப்பிட்டோம். அண்ணாச்சி மட்டும் தயிர்ச்சோறு தின்றார். "எண்ணி முடிக்கட்டும், நானே ஒனக்குக் கறி வாங்கித் தாரேன்" என்றார்.

அவர்கள் எண்ணி முடிக்கவில்லை. வாரக்கணக்காக இழுத்தது. வாக்குச் சீட்டில் வேட்பாளருக்கு நேரே துளை போடுவது அங்கே பல இடங்களில் வழக்கம். சரியாக விழாத துளையில் காகிதத் துண்டு தொங்கிக்கொண்டு நின்றது. அதிகாரிகள் சீட்டைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி வெளிச்சத்தில் பார்த்ததை டிவியில் காட்டினார்கள். கடைசியில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் எண்ணுவதை நிறுத்தியது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் சொன்னால் போதும். நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவர் வீட்டுக்குப் போனார். அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசியதைக் கேட்டு அறையில் எல்லாரும், பெருந்தன்மை என்றார்கள்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. எண்ணலையே" என்றார் அண்ணாச்சி.

அதே மாதம் எங்கள் மெஸ்ஸுக்கும் தலைவர் தேர்வு. மெஸ் தலைவர் என்றால் சாமான் வாங்குபவர், அறை சார்பில் கேம்ப் பாஸிடம் பேசுபவர், வெளி ஆள் யாராவது அறைக்கு ஏதாவது கொண்டுவந்தால் முதலில் பார்ப்பவர். எப்போதும் கை தூக்கி முடித்துவிடுவோம். அந்த வருடம் அண்ணாச்சியும் செல்வராஜும் நின்றார்கள். டிவி பார்த்த கிறுக்கில், அமெரிக்கா மாதிரியே நடத்துவோம் என்று கிளம்பினோம். வெல்டிங் ராடு வரும் அட்டைப்பெட்டியைக் கருப்பையா சீட்டுச் சீட்டாக வெட்டினான். கேஸ்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்தான். இடப்பக்கம் துளை போட்டால் அண்ணாச்சி, வலப்பக்கம் போட்டால் செல்வராஜ்.

எண்ணினால் இருவரும் சமம். ஓர் அட்டை மட்டும் மிச்சம். அதில் இடப்பக்கத்தில் துண்டு பாதி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. கட்டில் மேல் ஏறி நின்று, அட்டையை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"வெளிச்சம் தெரியுது. வந்து பாருங்கடே. ஒவ்வொருத்தனா வந்து பாருங்க."

"அது ஓட்டே இல்ல அண்ணாச்சி. தொங்குறதெல்லாம் கணக்குல வராது" என்றார் செல்வராஜ்.

"அப்ப இடது பக்கம் எதுக்குக் குத்தினான், கை அரிச்சதாலயா?"

"உங்களுக்கு ஒரு ஓட்டுக்காக அறைய ரெண்டாக்கணுமா? அமெரிக்காவுலயே தோத்தவரு விட்டுக் கொடுத்துட்டாரு. பசிக்குதுங்க. கலாஸ், முடிஞ்சுது."

இதைச் சொல்லிக்கொண்டே செல்வராஜ் அட்டையை அண்ணாச்சியின் கையிலிருந்து எடுத்தார். மற்ற அட்டைகளோடு சேர்த்து வாசலில் கரி அடுப்புக்குள் போட்டார். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. யாரோ, "தலைவர் வாழ்க" என்று கத்தினார்கள். அதோடு அவர் தலைவராகிவிட்டார். அன்று எதிர்த்துக் கத்தியது நான் ஒருவன். என்னைச் சண்டைக்காரன் என்றார்கள். இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். என் கேள்வி இன்றும் அதேதான்: ஓட்டு இல்லை என்று உறுதியாகத் தெரிந்த அட்டையை எரிக்க என்ன அவசரம்?

நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. ஆப்கானிஸ்தானில் போர் வந்தது. அடுத்து ஈராக் என்று பேச்சு தொடங்கியதும் அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மொதப் பந்தி" என்று மட்டும் சொன்னார். ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று மகனின் அரசு உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. "எங்க இருக்குன்னு காட்டச் சொல்லு. இடத்தச் சொல்லாம இருக்கு இருக்குங்கிறவன நம்பாத" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஏஜென்ட் ஒருவன் கேம்ப்புக்கு வந்தான். குவைத்தில் பெரிய கிச்சன், சமையலுக்கும் எடுபிடிக்கும் ஆள் வேண்டும், இங்கே வாங்குவதைவிட இரண்டு மடங்கு என்றான். யாரிடம் வந்தான்? மெஸ் தலைவரிடம். அறை மொத்தமும் வரும் என்று செல்வராஜ் எங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டார். அவருக்கு அதில் என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர் சொல்வதை நான் நம்பவில்லை.

அண்ணாச்சி ஏஜென்டை வெள்ளிக்கிழமை காலையில் உட்கார வைத்துக் கேட்டார். கிச்சன் குவைத்தில் எந்தப் பகுதி? பார்டர் பக்கம் என்றான். பார்டருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றான். யாருக்குச் சமையல்? கேம்ப்புக்கு என்றான். எந்த கேம்ப் என்றதும் கடிகாரத்தைப் பார்த்தான். போகும்போது, எல்லாரும் இரத்த குரூப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணாச்சி பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வார்த்தையைத்தான். கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் கேட்டார்:

"சோறு வடிக்கிறவனுக்கு ரத்தம் எந்த குரூப்பா இருந்தா என்னடே? ஓட்டல்ல வேலைக்குச் சேந்தியே, அங்க கேட்டானா? இங்க வெல்டிங்குக்குச் சேந்தியே, கேட்டானா? எங்க ரத்தம் போகுமோ அங்கதாம்ல கேப்பான்."

"அண்ணாச்சிக்குக் குவைத்துன்னா பயம். ஒருதடவ ஓடி வந்தவருல்ல" என்று செல்வராஜ் சிரித்தார்.

"ஆமா, பயம்தான். பயப்படாதவன் மொதல்ல போகட்டும். நீ போறியா?"

செல்வராஜ் போகவில்லை. மெஸ்ஸை யார் பார்ப்பது என்றார். அண்ணாச்சியின் இரத்த குரூப் கேள்விக்குப் பிறகு பெரும்பாலோர் பின்வாங்கினார்கள். இன்று அவர்கள் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் அண்ணாச்சி கேட்ட அந்தக் கேள்வி.

கருப்பையா போனான். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தன் சமையலைக் கம்பெனிக்காரன் தேடி வந்து கேட்கிறானே என்ற பெருமையும் இருந்தது. புறப்படும் அன்று பெட்டியைக் கட்டிவிட்டு அண்ணாச்சியிடம் வந்தான்.

"அண்ணாச்சி, அந்தத் தொங்குன அட்டை என்னோடது. ஒங்களுக்குத்தான் குத்துனேன். செல்வராஜண்ணன் பக்கத்துல நின்னாரு. அமுக்கிக் குத்தல."

அண்ணாச்சி அவன் தோளைப் பிடித்தார். "இப்பமும் அமுக்கிச் சொல்லலாம்டே. போகலன்னு சொல்லு."

"வாக்குக் குடுத்துட்டேன். போயிட்டு வந்துர்றேண்ணே. வந்ததும் அந்தப் பழைய பிரியாணிக் கணக்கத் தீப்போம்."

ஈராக்கில் போர் தொடங்கிய சில மாதத்தில் ஊருக்கு அவன் உடல்தான் போய்ச் சேர்ந்தது. குவைத்தில் சாலை விபத்து என்றார்கள். அவனோடு போய் உயிரோடு திரும்பிய ஒருவர், நடந்த இடத்தை எங்களிடம் சொன்னார். அது ஈராக். அமெரிக்கப் படை முகாமுக்கு உணவுப்பொருள் போன லாரி வரிசை. சமையல்காரனை லாரியில் ஏற்றியிருந்தார்கள். ஆயுதம் கடைசிவரை கிடைக்கவில்லை என்பது உலகத்துக்கே தெரியும். அந்த ஜனாதிபதி இரண்டு முறை ஆண்டு முடித்து ஓய்வுக்குப் போய்விட்டார். கருப்பையா எந்த இடத்தில் செத்தான் என்பதைக்கூட எவரும் அவன் வீட்டுக்கு எழுத்தில் சொல்லவில்லை.

அண்ணாச்சி விடவில்லை. செல்வராஜ் மன்றத் தலைவரான பிறகு, ஆண்டுக் கூட்டம் ஒவ்வொன்றிலும் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பார்: "கருப்பையா எந்த ஊர்ல செத்தான்? யாரு அனுப்பினா?" முதலில் அடுத்த நிகழ்ச்சி என்றார்கள். பிறகு கூட்டத் தேதியை அவருக்குச் சொல்லாமல் விட்டார்கள். நான் சொல்வேன். அல் ஐனிலிருந்து பஸ் பிடித்து வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்டுவிட்டுப் போவார். கடைசியாக வந்தபோது கைத்தடியோடு வந்தார்.

"விடும் அண்ணாச்சி. இவனுக பதில் சொல்லப் போறதில்ல" என்றேன்.

"பதில் எனக்குத் தெரியும்டே. கேள்வி கேட்டதுக்குச் சாட்சி வேணும்லா" என்றார்.

இப்போது அவர் இல்லை. கேள்வி கேட்டவரையே பதிலாக்கிவிட்டார்கள். செத்தவர் மறுக்க மாட்டார் என்ற தைரியம். அட்டையை அடுப்பில் போட்ட அதே கைதான் அவர் படத்துக்கு மாலையும் போட்டது.

ஆகவே செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

செல்வராஜ் அதே மாடியில், அதே மைக்கில், ஸ்டெல்லா முன்னால் உட்கார்ந்திருக்க, ஆள் கொடுத்தது தான்தான், தடுத்தது அண்ணாச்சிதான் என்று சொல்ல வேண்டும். வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னால் போதும்.

மன்றத்துச் செயற்குழு அதையும் வீடியோ எடுத்து, முதல் வீடியோ போன இடத்துக்கெல்லாம் அனுப்ப வேண்டும். அந்த இரங்கல் பேச்சை மலரில் அச்சிடக் கூடாது.

அந்த அறையில் இருந்து, அண்ணாச்சியின் கேள்வியால் நின்றுகொண்டவர்கள், ஓமானில் சோஹாரில் இருந்தாலும் ஊரில் இருந்தாலும், கருப்பையாவின் மகனுக்கு ஆளுக்கொரு போன் செய்ய வேண்டும். கூட்டாளி ஒருவனின் சொல்லை அவன் நம்பவில்லை. அதில் தவறில்லை, அண்ணாச்சியும் நம்பியிருக்க மாட்டார். எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று அவன் எண்ணட்டும். எண்ணி முடிக்கும் முன்னால் முடிவுக்கு வராமல் இருப்பது அவன் செய்ய வேண்டியது.

ஸ்டெல்லா யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். தலை நிமிர்ந்து டூட்டிக்குப் போகட்டும்.

நான் விசா முடிவதற்குள் கமுதிக்குப் போவேன். கருப்பையாவின் மனைவியைப் பார்த்து, அவர் புருஷன் அந்த அட்டையில் இடப்பக்கம் குத்தினான் என்பதைச் சொல்வேன். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்பதும் இனி என் வேலை.

அண்ணாச்சி, நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. கட்டிலிலிருந்து இறங்குங்கள். அட்டையை என்னிடம் கொடுங்கள். ட்யூப் லைட்டை நான் அணைக்க மாட்டேன், நீங்கள் படுத்துக்கொள்ளலாம்.